தண்டிலிருந்து தழைக்கும் செடிகள்

மண்ணில் விழுந்த விதை முளைப்பதைக் கண்டு நாம் வியப்பதில்லை. முளைப்பதற்கென்றே அமைந்தது விதை. ஆனால், தாய்ச்செடியினின்று வெட்டப்பட்ட சாண் நீளத் தண்டு ஒன்று, வேரும் விதையும் இன்றி மண்ணில் நின்று, சில வாரங்களில் தானே வேர்விட்டுத் தனிச்செடியாகத் தழைப்பது உண்மையில் வியப்பிற்குரியதே. வீட்டுக் கொல்லையில் நாள்தோறும் நிகழ்வதால் அதன் அருமையை நாம் உணர்வதில்லை. மூலிகைகளையும் தோட்டச் செடிகளையும் தண்டு நட்டுப் பெருக்கும் இக்கலையின் இயல்பையும் முறையையும் எல்லையையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

இதனை எழுதத் தூண்டியது நம் சொந்தப் பட்டறிவு ஒன்றாகும். நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் கிணற்றடியில் ஒரு மருதாணிச் செடி இருந்தது. பாட்டியார் தம் மணநாளுக்குப் பின் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊன்றியது. அதன் இலையை அரைத்து இட்டால் கை கருஞ்சிவப்பாகச் சிவக்கும். திருமணங்களுக்கும் திருநாள்களுக்கும் தெருவே அதனைத் தேடி வரும். பாட்டியார் மறைந்து சில ஆண்டுகளுக்குப்பின், பாகப்பிரிவினையில் வீடு கைமாறி இடிபடும் நிலை வந்தது. அந்தக் கோடையில் நாம் அச்செடியிலிருந்து இருபது குச்சிகளை வெட்டி எடுத்துப் புதிய வீட்டில் நட்டோம். இருபதும் கருகின. காரணம் புரியவில்லை. அக்காரணத்தைத் தேடிச் சென்றதில் கற்றவையே இங்குக் கூறப்படுவன.

தமிழ்ச் சொற்கள் காட்டும் பட்டறிவு

நடுபொருளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. கரும்பிற்குக் கரணை; முருங்கைக்கும் கிளுவைக்கும் போத்து; வாழைக்குக் கன்று; நெல்லுக்கு நாற்று; கிளையைத் தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலே மண்ணில் புதைத்து வேர்விடச் செய்தால் பதியம். ஒவ்வொரு பயிரும் எவ்வழியில் பெருகும் என்பதை உழவர் நன்கு அறிந்திருந்தமையால்தான் இத்தனை சொற்கள் தனித்தனியே நிலைத்தன.

அதியமானின் முன்னோர் இந்நாட்டிற்குக் கரும்பைக் கொண்டுவந்தனர் என்று புறநானூற்றில் ஔவையார் குறிப்பிடுகிறார். கரும்பு வயலில் விதையால் பயிரிடப்படுவதில்லை. கணுவுள்ள கரணையால்தான் பயிரிடப்படுகிறது. ஆகவே, அவர்கள் கொண்டுவந்தது வாடாமல் காத்த கரணைக் கட்டாகவே இருந்திருக்கும் எனக் கருதுவது தவறாகாது.

மற்றொரு செய்தியும் உண்டு. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறார். புறக்காழ், அகக்காழ் என்னும் இப்பாகுபாடு நம் பொருளுக்கும் ஒளி தருகிறது. வேம்பு, செம்பருத்தி, மருதாணி போன்ற அகக்காழ்ச் செடிகளில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. வெட்டிய தண்டில் புதுவேர் பெரும்பாலும் இப்படலத்தை ஒட்டியே பிறக்கிறது. பனை, தென்னை ஆகிய புறக்காழ் மரங்களில் அப்படலம் இல்லை. பனையையோ தென்னையையோ துண்டாக்கி நட்டுத் தழைக்கச் செய்தவர் எவருமிலர். ஆயின், கரும்பும் புறக்காழ் இனமே அன்றோ எனில், அதன் கணுக்களில் வேர்முளைகள் முன்னரே புள்ளிபுள்ளியாக அமைந்துள்ளன; அவையே மண்ணின் ஈரம் பட்டதும் வேராக நீள்கின்றன.

வெட்டுவாயில் நிகழ்வது

தண்டை வெட்டியதும் அங்குள்ள உயிரணுக்கள் காயமுறுகின்றன. காயத்தை மூடச் செடி முதலில் ஒரு தடிப்பை உண்டாக்குகிறது. அடுத்து, அருகிலுள்ள சில அணுக்கள் தம் பழைய தொழிலை விட்டு மீண்டும் இளமை எய்திப் பெருகத் தொடங்கி, வேரின் முனையாக உருக்கொள்கின்றன. தண்டாக இருந்த அணு வேராக மாறுகிறது என்பதே இதன் சாரம். செடியின் ஒவ்வோர் உயிரணுவும் முழுச்செடியாகும் ஆற்றலைத் தன்னுள் கொண்டிருக்கலாம் என்னும் கருத்தை 1902 ஆம் ஆண்டில் ஹாபர்லாண்ட் என்னும் ஆஸ்திரிய அறிஞர் வெளியிட்டார். இன்றைய திசு வளர்ப்பு முறை அக்கருத்தின் வழியே வளர்ந்தது.

அணுக்களை இவ்வாறு தூண்டுவது எது? 1880 ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸ் டார்வினும், புல்லின் இளமுளை ஒளியை நோக்கி வளைவதற்கு அதன் நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டுதல் கீழே இறங்குவதே காரணம் எனக் கண்டனர். 1926 முதல் 1928 வரை ஹாலந்து நாட்டின் வென்ட் என்பார், அத்தூண்டுதல் ஒரு வேதிப்பொருளே என நிறுவினார். அதுவே ஆக்சின் எனப்படும் வளர்ச்சி ஊக்கி. 1935 ஆம் ஆண்டில், இன்டோல் பியூட்டிரிக் அமிலம் போன்ற செயற்கைப் பொருள்கள் தண்டுகளில் வேர் பிறப்பிக்கும் என்பது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இன்று நாற்றுப்பண்ணைகளில் வழங்கும் வேரூக்கித் தூளில் இருப்பது பெரும்பாலும் அதுவேயாகும்.

ஆக்சின் கொழுந்திலும் இளவிலையிலும் சுரந்து கீழ்நோக்கியே செல்லும். வெட்டுவாய்க்கு வந்ததும் மேலும் செல்ல வழியின்றி அங்கே தேங்குகிறது. எனவேதான் வேர் அடிமுனையில் பிறக்கிறது. 1878 ஆம் ஆண்டில் வோஃக்டிங் என்னும் ஜெர்மானியர், வில்லோ மரக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டபோதும் முன்பு அடியாக இருந்த முனையிலேயே வேர் பெரிதும் தோன்றியதைக் காட்டினார். தண்டு தன் அடியையும் நுனியையும் மறப்பதில்லை. குச்சியைத் தலைமாற்றி நடக்கூடாது என்று தோட்டக்காரர் எச்சரிப்பதன் பொருள் இதுதான். அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டும் வழக்கமும் இத்தவறு நேராமல் காப்பதற்கே பெரிதும் உதவுகிறது.

வேருக்கும் இலைக்கும் இடையே ஒரு பந்தயம்

நம் இருபது குச்சிகள் ஏன் கருகின என்பதற்கு இனி விடை காணலாம். வெட்டிய தண்டில் நீரை உறிஞ்ச வேர் இல்லை. நீரை ஆவியாக வெளியிட இலை இருக்கிறது. வரவு இல்லாத வீட்டில் செலவு மட்டும் நடப்பதைப் போன்றது இது. இருப்பு தீர்வதற்குள் வேர் வந்துவிட்டால் செடி பிழைக்கும், இல்லையேல் வாடும். தண்டு நடுதலின் விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு பந்தயத்தில் வேரை வெல்லச் செய்வதற்காக ஏற்பட்டவையே.

இலை முழுவதையும் கிள்ளிவிடலாமே எனில், அதுவும் பிழை. வேருக்கு வேண்டிய உணவையும் ஆக்சினையும் தருவது இலையே. ஆதலால் மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவை பெரியனவாயின் பாதியாகக் கத்தரித்து, ஏனையவற்றை நீக்க வேண்டும். பூவும் மொட்டும் இருப்பின் அவற்றை நீக்குவது கட்டாயம். உணவை அவை கவர்ந்துகொள்ளும்.

நாம் செய்த தவறுகள் மூன்று. கத்திரி வெயிலில் நிழலின்றி நட்டோம். பட்டை வெடித்த முதிர்ந்த கட்டைகளைத் தேர்ந்தோம். இவற்றினும் பெரிய தவறு, வேர் வந்ததா எனப் பார்ப்பதற்காக நான்கு நாளுக்கு ஒருமுறை பிடுங்கிப் பார்த்ததாகும். தோன்றவிருந்த வேர்களையும் நம் ஆவலே அறுத்தது.

நடும் முறை

தண்டுகளை இளந்தண்டு, நடுத்தர முதிர்ச்சித் தண்டு, கடினத் தண்டு என மூவகையாகக் கொள்வர். புதினா, துளசி, ஓமவல்லி, திருநீற்றுப்பச்சை ஆகியவற்றிற்கு இளந்தண்டு ஏற்றது. மல்லிகை, செம்பருத்தி, ஆடாதோடை, மருதாணி முதலியவற்றிற்கு, வளைத்தால் ஒடியும் ஓசையுடன் முறியும் நடுத்தரத் தண்டு நன்று. முருங்கை, கிளுவை போன்றவற்றிற்குக் கடினத் தண்டே வேண்டும்.

தாய்ச்செடி நோயற்றதாக இருத்தல் வேண்டும். தண்டில் நீர் நிறைந்திருக்கும் விடியற்காலையில் வெட்டுவது சிறப்பு. கத்தியை நெருப்பில் காட்டியோ, ஸ்பிரிட்டில் துடைத்தோ தூய்மை செய்க. இளந்தண்டு நான்கு விரற்கடை முதல் ஆறு விரற்கடை வரையும், நடுத்தரத் தண்டு பென்சில் பருமனில் மூன்று நான்கு கணுக்களுடன் ஒரு சாண் நீளமும் இருக்கலாம். அடிவெட்டு கணுவிற்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும்; வேர் பிறக்கும் வாய்ப்பு கணுவருகில் மிகுதி. முருங்கைப் போத்து மூன்றடி முதல் ஐந்தடி வரை நீளமுடையது. அதன் மேல்வெட்டில் சாணத்தை அப்பி வைப்பது ஈரம் காக்கும் பழைய உத்தி.

நடும் ஊடகம் வளமானதாக இருக்க வேண்டியதில்லை. காற்றும் ஈரமும் ஒருங்கே தருவதாக இருந்தால் போதும். ஆற்று மணலும் மட்கிய தென்னைநார்க் கழிவும் கலந்தது இதற்குத் தக்கது. பச்சைச் சாணமோ மட்காத எருவோ இட்டால் வெட்டுவாய் அழுகும். ஒன்று அல்லது இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு ஊன்றிச் சுற்றிலும் அழுத்தி நீர் தெளித்து நிழலில் வைக்க வேண்டும். கண்ணாடித்தாள் பை ஒன்றைக் கவிழ்த்து மூடினால் உள்ளே ஈரக்காற்று நிற்கும். ஆனால் அதன்மீது வெயில் படலாகாது.

இளந்தண்டு இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். கடினத் தண்டிற்கு ஒன்றிரண்டு மாதங்கள்கூட ஆகலாம். புதுத்தளிர் கண்டதும் வேர் வந்துவிட்டதென மகிழ்வது பொய்யாகலாம். தண்டில் சேர்ந்துள்ள உணவைக் கொண்டே தளிர் வெளிவருவது உண்டு. மெல்லத் தொட்டு இழுக்கும்போது தண்டு பிடிவாதம் காட்டினால், அதுவே வேரூன்றியதற்கு அடையாளம். அதன் பின்னரே சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கித் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

புதினாவையும் திருநீற்றுப்பச்சையையும் ஒரு குவளைத் தண்ணீரிலேயே வேர்விடச் செய்யலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுக. வேர் ஓர் அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நீரிலேயே நீண்ட நாள் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகத் தடுமாறும்.

சில மூலிகைகளும் பயிர்களும்

இம்முறை எல்லாச் செடிக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஓமவல்லியும் பிரண்டையும் கணு ஒன்று மண்ணில் பட்டால் போதும், தழைத்துவிடும். பொன்னாங்கண்ணித் தண்டு எளிதில் வேர்விடும். வல்லாரையோ தானே ஓடுதண்டு விட்டுக் கணுதோறும் வேரூன்றும். நாம் அறுத்து எடுத்து நடுவதே வேலை. சீந்தில் கொடியை அறுத்து மரத்தில் தொங்கவிட்டாலும் நெடுநாள் உயிர் வாடாது, நூல் போன்ற விழுதுகளை மண்ணை நோக்கி இறக்கும். அமிர்தவல்லி என்னும் பெயர் அதற்குப் பொருத்தமானதே. இருமலுக்குரிய ஆடாதோடையும், ஆவி பிடிக்க உதவும் நொச்சியும் மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் நன்கு பிடிக்கும். கறிவேப்பிலைக் கொப்பை ஒடித்து நட்டு ஏமாறுவோர் பலர். அது விதையாலும் தாய்மரத்தின் வேரிலிருந்து கிளைக்கும் கன்றாலும் பெருகுவது.

மிளகு ஒரு நுட்பமான பாடத்தைக் கற்பிக்கிறது. கொடியின் அடியில் ஓடும் ஓடுதண்டை வெட்டி நட்டால் மரம் பற்றி ஏறும் மிளகுக்கொடி கிடைக்கும். அதே கொடியில் காய் தரும் பக்கக்கிளையை வெட்டி வேர்விடச் செய்தால், கிடைப்பது ஏறாத புதர்மிளகு. அதனைத் தொட்டியிலேயே வளர்க்கலாம். இரண்டும் ஒரே கொடியின் மக்கள். எங்கிருந்து வெட்டப்பட்டோம் என்பதைத் தண்டு நினைவில் வைத்துள்ளது போலும்!

இக்கலையை வாழ்வாகக் கொண்ட ஊர்களும் நம்மிடையே உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பகுதியின் கடற்கரை மணலில் வேர்பிடிக்கச் செய்த மல்லிகை நாற்றுகள், தமிழகத்தின் பல மாவட்டத்துத் தோட்டங்களுக்குச் செல்கின்றன. சோழவந்தானிலும் ஆத்தூரிலும் வெற்றிலைக் கொடியின் துண்டுகள் அகத்தி நிழலில் தலைமுறை தலைமுறையாக நடப்பட்டு வருகின்றன. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில், ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட சிறு துண்டே முழுச்செடியாக்கப்படுகிறது.

ஒரே முகத்தின் ஆபத்து

தண்டிலிருந்து வளர்ந்த செடி தாய்ச்செடியின் பிள்ளை அன்று, தாய்ச்செடியேதான். தாயும் தந்தையும் கலந்து பிறக்கும் விதைச்செடியில் குணம் மாறலாம், இதில் மாறாது. நன்கு சிவக்கும் மருதாணியிலிருந்து நட்டது நன்கு சிவக்கும். 1912 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனவிருத்தி நிலையம் உருவாக்கிய கலப்பினக் கரும்பு ஒன்று, கரணை வழியாகவே நாட்டின் வயல்களில் குணம் மாறாது பரவ முடிந்தது.

இச்சிறப்பே இதன் குறையுமாகும். ஆயிரம் செடியும் ஒரே செடியாயின், ஒன்றைக் கொல்லும் நோய் ஆயிரத்தையும் கொல்லும். உலக வாணிகத்தில் கோலோச்சிய குரோமிசெல் என்னும் வாழையினம், கன்று வழியே பெருக்கப்பட்டு எங்கும் ஒரே முகமாக இருந்தமையால், பனாமா வாடல் நோய்க்கு ஆளாகி 1960 வாக்கில் ஏற்றுமதிச் சந்தையினின்று மறைந்தது. பழனி மலையின் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் பெரிதும் அழித்தது. அந்நோயைப் பரப்பியவை அசுவினிப் பூச்சியும் நோயுற்ற கன்றுகளுமே. சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளியில் தேமல் நோயும் வெள்ளை ஈயால் மட்டுமன்றி நோயுற்ற குச்சிகளாலும் பரவுகிறது. தண்டு தாயின் நலத்தை மட்டுமன்று, தாயின் நோயையும் சுமந்து வருகிறது. ஆதலின், எந்தச் செடியிலிருந்து வெட்டுகிறோம் என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். மூலிகையாயின், பெயர் ஐயமற அறிந்தவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே பெருக்க வேண்டும். ஒரு பெயர்ப்பிழை நூறு வீடுகளுக்குப் போய்ச்சேரும்.

ஒரு மாணவன் கண்ட செடி

மொரீசியசு நாட்டைச் சேர்ந்த ரோட்ரிகசு என்னும் சிறுதீவில், காப்பிக் குடும்பத்தைச் சார்ந்த, வெண்மீன் போன்ற பூவுடைய செடி ஒன்று இருந்தது. காஃபே மரோன் என அதனை அழைத்தனர். அது அழிந்துபோனதாகவே அறிஞர் கருதினர். 1980 ஆம் ஆண்டையொட்டி, பள்ளி ஆசிரியர் ஒருவர் தீவின் செடிகளைத் தேடி வருமாறு மாணவரைப் பணிக்க, ஒரு மாணவன் அச்செடியின் கிளையைக் கொண்டுவந்தான். தீவு முழுவதிலும் எஞ்சி நின்றது அந்த ஒற்றைச் செடியே! செய்தி பரவியதும், அதனை மருந்தாகக் கருதிய மக்கள் கிளைகளை ஒடிக்கத் தொடங்கினர். சுற்றிலும் வேலி கட்ட வேண்டியதாயிற்று.

1986 ஆம் ஆண்டில் அதன் தண்டுகள் வானூர்தியில் இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று வேர்விட்டது. அவ்வொன்றிலிருந்து பல செடிகள் பெருகின, பூத்துக் குலுங்கின, ஆயினும் விதை வைக்கவில்லை. அனைத்தும் ஒரே செடியன்றோ! பல ஆண்டுகளுக்குப்பின், 2003 ஆம் ஆண்டில், அங்குப் பணியாற்றிய கார்லோஸ் மக்டலேனா இடைவிடாத மகரந்தச் சேர்க்கை முயற்சிகளின் முடிவில் விதை பெறச் செய்தார். அதன் வழித்தோன்றல்கள் பின்னர்ப் பிறந்த தீவிற்கே திரும்பின. ஒரு தண்டு இனத்தைக் காத்தது. ஆயினும் அது முழுவாழ்வு பெற விதையும் வேண்டியிருந்தது. இக்கலையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் வரலாறு இது.

நிறைவுரை

இனி நம் மருதாணிக்கு வருவோம். தவறுகளை உணர்ந்து மழைக்காலத்தில் மீண்டும் வெட்டச் சென்றபோது, பழைய வீடு இருந்த இடத்தில் கிணறும் இல்லை, செடியும் இல்லை. செய்தியைக் கேட்ட ஒரு மூதாட்டியார், இரண்டு தெரு தள்ளியிருந்த தம் கொல்லைக்கு நம்மை அழைத்துச் சென்றார். அங்கே ஒரு மருதாணி தழைத்து நின்றது. "உங்கள் பாட்டியார் என் மகள் திருமணத்தின்போது ஒடித்துக் கொடுத்த குச்சி இது" என்றார். வளைத்தால் முறியும் தண்டு பத்தினை வெட்டி, நிழலில் நட்டு, இம்முறை தொடாது காத்தோம். ஆறு தழைத்தன. மேலே கூறிய அறிவியலின்படி அவை பாட்டியாரின் செடியைப் போன்றவை அல்ல, பாட்டியாரின் செடியேதான்.

ஒரு செடியைக் காக்கும் வழி அதனைச் சுற்றி வேலியிடுவது மட்டுமன்று. அதைப் பகிர்ந்து கொடுப்பதும் ஆகும். நம்மிடம் இருப்பது பட்டுப்போனாலும் கொடுத்த இடத்தில் அது வாழும். மாணவர்களே! விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் கொல்லையிலுள்ள பழஞ்செடிகளின் பெயரையும் பயனையும் பெரியோரிடம் கேட்டறியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று தண்டுகளை வெட்டி, ஒன்றை நீங்கள் நட்டு, இரண்டை அண்டை வீட்டார்க்குக் கொடுங்கள். பெரியோர்களே! கேட்க வரும் பிள்ளைகளுக்குச் செடியோடு அதன் செய்தியையும் சேர்த்துக் கொடுங்கள். நம்மிடம் எஞ்சிய அந்த ஆறு செடிகளில் நான்கு இப்போது பிறர் வீடுகளில் வளர்கின்றன.